சிறு துளையும் பெருமூச்சும்

மக்களை வருத்தும் பிணிகளுள் சில மெல்ல வந்து நெடுநாள் தங்குவன. வேறு சில முன்னறிவிப்பு யாதுமின்றி ஒரு கணத்தில் வந்து ஆளை வீழ்த்துவன. பின்னைய வகையைச் சார்ந்தது, நுரையீரற் சுருக்கம் என்று ஈண்டு நாம் வழங்கப்போகும் நோய். நலமாக நடந்துகொண்டிருந்த இளைஞன் ஒருவனுக்குத் திடீரென மார்பின் ஒரு பக்கத்தே குத்து நோவு உண்டாகிறது. மூச்சு இழுக்கும்தோறும் அந்நோவு மிகுகிறது. படி ஏறினால் இளைப்பு மேலிடுகிறது. சூழ நிற்பவர் கூறுவது யாது? "வாயுப் பிடிப்பு, பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுங்கள்" என்பதே. ஓமத் தண்ணீரும் சோடாவும் வந்து சேருகின்றன. அவர்கள் கூறும் வாயு என்னும் சொல்லில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. இந்நோய் மெய்யாகவே வாயுவினால் விளைவதுதான். ஆயின் அவ்வாயு இருப்பது வயிற்றில் அன்று. மார்புக்கூட்டினுள், தான் இருக்கத் தகாத இடத்தில்.

தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணாக்கன் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று நேயர் வினவுதல் கூடும். இச்சிகிச்சையைச் செய்யும் முறை மருத்துவர்க்குரிய காரியம் என்பதை யாம் மறுக்கவில்லை. அஃது யாருக்கு எட்டுகிறது, எப்பொழுது எட்டுகிறது, எம்மொழியில் எட்டுகிறது என்பனவோ குடிமக்கள் எல்லார்க்கும் உரிய காரியங்கள். இம்மூன்றையும் பற்றியே இக்கட்டுரை.

முதற்கண் நோயின் இயல்பைச் சிறிது காண்போம். நுரையீரலைச் சுற்றி ஓர் மெல்லிய உறை உண்டு. மார்புக்கூட்டின் உட்புறத்தும் அத்தகைய உறை ஒன்று உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடம் மிகக் குறுகியது. அதில் சிறிது நீர்மையன்றி வேறொன்றும் இல்லை. அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறைவாக இருப்பதால், நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியே விரிந்து நிற்கிறது. அவ்விடத்தில் காற்றுப் புகுமாயின் அவ்வொட்டு அற்றுவிடும். நுரையீரல் காற்றுப்போன பந்துபோல் தன்னுள்ளே சுருங்கும். காற்றுப் புகும் வழி பல. விலா எலும்பு முறிந்து குத்துவதாலும் புகும். காசநோயால் அரிக்கப்பட்ட நுரையீரல் கிழிவதாலும் புகும். வேறு நோய் யாதும் இல்லாத இளைஞர்க்கும், நுரையீரலின் உச்சியில் தோன்றிய சிறு கொப்புளம் ஒன்று தானே வெடிப்பதால் புகும். இக்கடைசி வகை, நெடிது வளர்ந்து மெலிந்த உடலினரான ஆடவரிடத்தே மிகுதியாகக் காணப்படுகிறது. பதினைந்து வயதிற்கும் முப்பத்தைந்து வயதிற்கும் இடைப்பட்டோரே பெரும்பாலார். அஃதாவது நம் கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருப்போரின் வயது.

புகைபிடித்தல் இந்நோய்க்குப் பெருந்துணை. உடல்நலமுள்ள ஆடவருள் புகைபிடிப்போர்க்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு என்றும், புகைபிடியார்க்கு ஆயிரத்துக்கு ஒன்று என்றும் பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தார் எடுத்துக் காட்டியுள்ளனர். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவை நோக்குமின்! அன்றியும், ஒருமுறை வந்து நீங்கியவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இந்நோய் மீண்டும் வருகிறது. மீண்டும் வராமற் காக்கும் பொருட்டே பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டப்படுகிறது.

இதன் சரித்திரம் வியப்புத் தருவது. இக்காலத்து மருத்துவர் சுருங்கிய நுரையீரலை விரிப்பதற்குப் பாடுபடுகின்றனர். நம் பாட்டனார் காலத்து மருத்துவரோ விரிந்த நுரையீரலைச் சுருக்குவதற்குப் பாடுபட்டனர்! இத்தாலி தேசத்துக் கார்லோ போர்லானினி என்பார், காசநோயால் துளைபட்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்னும் கருத்தை 1882இல் வெளியிட்டார். ஊசி வழியே மார்பினுள் காற்றைச் செலுத்தி நுரையீரலை வேண்டுமென்றே சுருங்கச் செய்யும் அவருடைய முறை, மருந்து இல்லாத அந்நாளில் உலகெங்கும் உள்ள காசநோய் நிலையங்களிற் பரவிற்று.

அந்நிலையங்களின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகே மிஷன் சங்கங்கள் பல ஒன்றுகூடி நிறுவிய ஆரோக்கியவரம் 1915இல் தொடங்கிற்று. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் ஒரு காசநோய் நிலையம் கண்டார்; அது 1937இல் அரசாங்கத்தார் கைக்கு வந்து, இன்றும் மார்பு நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அவ்வூர் இரயில் நிலையமே சானடோரியம் என்று பெயர் பெற்றது. கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது மெண்டிப் குன்றுகளில் அவரைப் பார்த்த மருத்துவர் இச்சௌரி முத்துவே என்பதும் நினைக்கத் தக்கது.

நிற்க. ஊசியால் காற்றைச் செலுத்தியும் சிலருடைய நுரையீரல் முற்றும் சுருங்கவில்லை. நோயினால் உண்டான நார்கள் அதனை மார்புச் சுவரோடு கட்டி நிறுத்தின. சுவீடன் தேசத்து ஹான்ஸ் கிறிஸ்தியன் யாக்கோபேயஸ் என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பையினுள் நோக்கும் குழாய்க் கருவியை மார்புத் துளை வழியே நுழைத்து உள்ளே காணலாம் என்று 1910இல் எழுதினார். சில ஆண்டுகளுக்குள், அத்துளை வழியாகவே அந்நார்களைச் சூட்டுக்கோலால் அறுக்கும் முறையையும் வகுத்தார். மார்பைப் பிளவாமலே மார்பினுள் வேலை செய்தல் இங்ஙனம் தொடங்கிற்று. பின்னர் 1943இல் ஸ்டிரெப்டோமைசினும், 1952இல் ஐசோநையாஸிடும் வந்தன. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் நோயாளியும் நிலையத்திற் கிடந்து உண்பவரைப் போலவே குணமடைதல் கூடும் என்பதைச் சென்னையில் நடந்த ஆராய்ச்சியே 1959இல் உலகுக்குக் காட்டிற்று. நுரையீரலைச் சுருக்கும் வேலை ஒழிந்தது. யாக்கோபேயஸின் குழாயும் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

அது மீண்டும் வந்தது 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில். நுண்ணிய ஒளிப்படக் கருவி குழாயின் முனையில் பொருத்தப்பட்டு, உள்ளிருப்பதைத் திரையிற் பெரிதாக்கிக் காட்டலாயிற்று. எந்தத் துளை வழியே நுரையீரலை முற்றும் சுருக்க முயன்றனரோ, அந்தத் துளை வழியே இப்பொழுது சுருங்கிய நுரையீரலைக் காக்கப் புகுந்தனர்.

இம்முறையைச் சுருங்கச் சொல்வோம். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, இருவழிக் குழாய் ஒன்றைத் தொண்டை வழியே செலுத்தி, நலமுள்ள நுரையீரலுக்கு மட்டும் காற்றூட்டுவர். நோயுற்ற பக்கம் அசைவற்று அடங்கும். விலா எலும்புகளுக்கு இடையே விரல் நுழையும் அளவான இரண்டு அல்லது மூன்று துளைகள் இடுவர். இக்காலத்தார் சிலர், அங்குலத்திற்குச் சற்று மிக்க ஒரே துளையால் முழுவேலையும் முடிக்கின்றனர். ஒரு துளையிற் கண், மற்றவற்றிற் கை. கொப்புளம் உள்ள பகுதியைக் கவ்வி, ஒரே சமயத்தில் வெட்டித் தைக்கும் கருவியால் நீக்குவர். பின்னர் மார்புச் சுவரின் உள்ளுறையைத் தேய்த்தோ, உச்சிப் பகுதியில் உரித்தோ, டால்க் பொடி தூவியோ, நுரையீரல் அச்சுவரோடு நிலையாக ஒட்டிக்கொள்ளச் செய்வர். மீண்டும் எங்கேனும் காற்றுக் கசிந்தாலும் நுரையீரல் சுருங்குதற்கு இடமில்லாமற் போகும். இறுதியில் ஒரு குழாயை வைத்துத் துளைகளை மூடுவர். குறை யாதும் நேராதாயின் சில நாட்களில் நோயாளி வீடு திரும்புவார்.

முன்னைய முறையில், விலாப்புறத்தில் நீண்ட கீறலிட்டு, எலும்புகளை இரும்புக் கருவியால் அகற்றிப் பிடித்து, உள்ளே கை நுழைப்பர். அப்புண் ஆறினும், விலா நரம்பு நசுங்கியதால் உண்டாகும் நோவு மாதக்கணக்கில் நிற்பது உண்டு. தோளை உயர்த்தும்போதும், பாரம் தூக்கும்போதும் அது தன்னை நினைப்பூட்டும்.

இவ்விடத்தேதான் நம் வினா எழுகிறது. சிறு துளையாற் பயன் மிக அடைவோர் யார்? விலையுயர்ந்த மருத்துவமனையின் குளிர்ந்த அறையில் கிடக்கும் செல்வரா? அவர்க்கு ஒரு திங்கள் ஓய்வு துன்பமன்று. தோள் வலியும் எழுதுகோல் பிடிக்கும் கையைத் தடுக்காது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கும், ஆவடியிற் சுமை ஏற்றுபவனுக்கும், பூந்தமல்லிச் சந்தையில் மூட்டை தூக்குபவனுக்கும் தோளே முதல். அவனுக்கு விலாவிலிடும் கீறல் அங்குலம் அங்குலமாக அவனுடைய கூலியையே கீறுவது. ஆதலின், சிறுதுளைச் சிகிச்சை செல்வர்க்குரிய நயம் என்று எண்ணுவது தலைகீழான எண்ணம். உடலுழைப்பால் உண்பவர்க்கே அஃது முதலில் உரியது என்பது எமது துணிபு.

எம் தெருவில் வாழ்ந்த இருபத்திரண்டு வயதுத் தொழிலாளி ஒருவருக்கு இந்நோய் வந்தது. இரண்டு நாள் வாயு மருந்துகள் உண்டார். மூன்றாம் நாளே மார்பை ஒளிப்படம் பிடித்தனர். குழாய் வைத்துக் காற்றை வெளியேற்ற, நலம் பெற்று மீண்டார். ஐந்து திங்களில் நோய் மறுபடியும் வந்தது. அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டபோது அவருடைய தாயார் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாள், ஐயா, வேலைக்குப் போக முடியாது?" உயிருக்கு அஞ்சாத தாய் அல்லர் அவர், ஆயினும் அக்குடும்பத்தில் உயிரும் கூலியும் வேறு வேறு அல்ல. அவருக்குக் கையெழுத்திடக் கொடுத்த தாளோ ஆங்கிலத்தில் இருந்தது. அதனைப் படித்துச் சொல்லுமாறு எம்மை அழைத்தனர். படித்தோம், சொற்கள் விளங்கின, பொருளைத் தமிழிற் சொல்ல நா எழவில்லை. செவிலி ஒருவரே, நீர்ப்புட்டியைக் காட்டி, "உள்ளே இருக்கிற காற்று இதன் வழியே குமிழியாக வெளியே வரும், திரும்பிப் போகாது, துளை அடைபட்டால் குமிழி நின்றுவிடும்" என்று விளக்கினார். அத்தாயார் முகத்தில் அப்பொழுதே அச்சம் தணிந்தது. பல தாள்கள் செய்யாததை நான்கு தமிழ் வாக்கியங்கள் செய்தன.

இதற்கு மாறாகக் கூறுவோர் கூற்றையும் ஆராய்தல் நீதி. அவர் கூறுவன மூன்று.

முதலாவது: "பெரிய கீறலே உறுதியானது." இதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தார் 1 நூறு பேருள் திறந்த அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒருவர்க்கும், சிறுதுளை முறைக்குப் பின் ஏறத்தாழ ஐவர்க்கும் நோய் மீளுவதாக 2010இல் வெளியிட்ட நெறிமுறையிற் குறித்தனர். ஆயினும் அவர்களே, நோவு குறைவு, மருத்துவமனையிற் கிடக்கும் நாள் குறைவு என்னும் பயன்களையும் குறித்தனர். நூற்றில் நால்வர்க்குக் கூடுதலாக நோய் மீளும் இடர் ஒரு தட்டில். எல்லார்க்கும் குறையும் நோவு மறுதட்டில். எதனைத் தெரிவது என்பதை நோயாளி தன் தொழிலையும் வாழ்வையும் எண்ணி மருத்துவரோடு முடிவு செய்ய வேண்டும். விண்ணூர்தி ஓட்டுவோனும் நீருள் மூழ்குவோனும் ஒருமுறையும் மீளாத உறுதியை நாடலாம். மற்றவர் வேறு நினைக்கலாம். முடிவு செய்தற்கு முதலில் அவருக்கு அது விளங்க வேண்டும் அன்றோ?

இரண்டாவது: "செலவு மிகும்." கருவிகள் விலையுயர்ந்தவை என்பது மெய், வெட்டித் தைக்கும் கருவியில் இடும் தையற்கூடு ஒருமுறைக்கே பயன்படுவது. ஆயின் செலவைக் கணக்கிடுவோர் மருத்துவமனைச் சீட்டோடு நின்றுவிடுகின்றனர். இழந்த கூலி, துணைக்கு இருந்தவர் இழந்த கூலி, வட்டிக்கு வாங்கிய கடன் என்னும் இவை எந்தச் சீட்டிலும் இல்லை. அவற்றையும் கூட்டினால் தராசு வேறு பக்கம் சாய்தல் கூடும்.

மூன்றாவது: "இக்காலத்தார் எதற்கெடுத்தாலும் துளையிடுகின்றனர்." இவ்வெச்சரிக்கையை யாம் மனமார ஏற்கிறோம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரைக்கொண்டு செய்து 2020இல் வெளியான ஆராய்ச்சி, முதன்முறை நோயுற்று நிலைமை கலங்காதவருள் பலர், குழாயும் இன்றிக் கவனித்துக் காத்திருந்தே குணமடைந்ததைக் காட்டிற்று. அங்ஙனம் காத்திருந்தோருள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவினர்க்கே பின்னர்க் குழாய் முதலிய சிகிச்சை வேண்டியிருந்தது. ஆகவே சிறுதுளை எல்லார்க்கும் அன்று; மீண்டும் வந்தவர்க்கும், காற்றுக் கசிவு நில்லாதவர்க்கும், இருபக்கமும் நோய் கண்டவர்க்கும், இன்ன காரணங்களுடையார்க்குமே அது. காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே. ஆயின் மருத்துவர் கண்காணிப்பிற் காத்திருப்பது வேறு. பெருங்காயம் குடித்துக் காத்திருப்பது வேறு. உள்ளே புகும் காற்று வெளியேற வழியின்றித் தேங்கி இதயத்தையே நெருக்கும் வகை ஒன்று உண்டு. அதிற் சில நிமிடங்களும் உயிர்விலை பெறும்.

இனி, நம் மேற்குப் புறநகர்களை நோக்குவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் எழுந்தது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை அதே காலத்தது. இவற்றை நாடி வந்த இளைஞர் பல்லாயிரவர். இவ்வூர்களிலிருந்து நகரை நோக்கிச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கீழ்க்கோடியில் அரசினர் பொது மருத்துவமனை நிற்கிறது. 1664இல் கோட்டைக்குள் தோன்றி, 1772 முதல் இப்போதைய இடத்தில் இருப்பது. மார்பு அறுவைக்கெனத் தனித்துறை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியிலேயே ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரால் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் அத்தகைய துறைகளுள் அது முற்பட்டது. ஆகவே கலை நம் நாட்டிற்குப் புதிதன்று, கலைஞரும் உளர். இல்லாதது யாது? நோவு தோன்றிய இடத்திற்கும் கலைஞர் இருக்கும் இடத்திற்கும் இடையே உள்ள வழி.

அவ்வழியைச் சீர்செய்ய மூன்று காரியங்களை வேண்டுகிறோம். முதலாவது, ஒருபக்க மார்பு நோவோடு மூச்சு முட்டும் இளைஞனை வாயு என்று அனுப்பிவிடாமல், மார்பு ஒளிப்படம் எடுத்துப் பார்த்தல் ஒவ்வொரு தொழிற்சாலை மருத்துவ அறைக்கும் சிறு மருத்துவமனைக்கும் விதியாக வேண்டும். குழாய் வைத்து நீர்ப்புட்டியோடு இணைக்கும் திறமை அருகிலேயே கிடைக்க வேண்டும். ஜெர்மானியராகிய பூலோ 1875இலேயே கையாண்ட எளிய முறை அது. இரண்டாவது, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் தொழிலாளர் காப்பீட்டிலும் தமக்குள்ள உரிமையைத் தொழிலாளர் நோய் வருமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும். தொழிற்சங்கங்கள் இதனைத் தம் கடமையாகக் கொள்ளலாம். மூன்றாவது, நோயாளி கையெழுத்திடும் தாள் அவர் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும்.

இம்மூன்றாவதே தமிழ் மாணாக்கராகிய நமக்கு உரிய பங்கு. தமிழில் இக்கலையைச் சொல்ல இயலாது என்பார்க்கு விடை பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிசெய்த மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவைச் சிகிச்சை பற்றிய பெருநூலை இரண வைத்தியம் என்னும் பெயரால் 1867இல் தமிழில் வெளியிட்டார். அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியிற் சொன்னதை, அம்மொழியிற் பிறந்த நாம் சொல்லக் கூசுவதா? கலைச்சொற்களை மலைமலையாகக் குவித்தல் வேண்டா. நீரடைப்புப் புட்டி என்றால் செவிலிக்கும் விளங்கும், நோயாளிக்கும் விளங்கும், அதுவே நற்சொல். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் ஒரு மாலை கூடி அமர்ந்தால், ஒரு பக்கத் தாள் ஒன்று உருவாகும். நோய் இன்னது, காத்திருந்தால் இன்னது, குழாய் வைத்தால் இன்னது, சிறு துளை இன்னது, பெருங்கீறல் இன்னது, வேலைக்குத் திரும்பும் நாள் இன்னது என்று அதில் வரிசையாக எழுதலாம். அதனைச் செய்ய எந்த அரசாணையும் வேண்டா.

நண்பர்காள்! உங்களுள் புகைபிடிப்போர் இருப்பின், மேற்கூறிய பன்னிரண்டையும் ஒன்றையும் மறவாதீர். ஒருபக்க மார்பு நோவால் வருந்தும் தோழனைக் கண்டால், கைவைத்தியம் சொல்லாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சு முட்டினால் 108 ஊர்தியை அழையுங்கள். உழைப்பாளியின் மார்பில் இடும் துளை சிறிதாயிருக்கட்டும்; அவர் அறிந்து ஒப்பும் அறிவு பெரிதாயிருக்கட்டும்.